கேட்காமல் விட்ட பதினைந்து நாட்கள்

கம்பெனி அலுவலகத்து முகமறிக் கதவு மெட்டில்டாவின் முகத்தை இரண்டு தடவை பார்த்தது. இரண்டு தடவையும் திறக்கவில்லை.

பதினைந்து நாள் கடலில் கிடந்துவிட்டு வருகிற முகம் கொஞ்சம் கறுத்துத்தான் இருக்கும். அதற்காக ஆறு வருஷமாகப் பார்த்த முகத்தை மறந்துவிடுவதா? அவள் கைக்குட்டையால் உப்பைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் தடவை நிமிர்ந்து நின்றாள். இந்தத் தடவை கதவு பேசியது.

"வணக்கம், மெட்டில்டா. உங்கள் பணி நேற்று மாலையோடு நிறைவடைந்தது. பதினைந்து நாள் கலந்தாய்வில் நீங்கள் அளித்த ஒத்துழைப்புக்கு நன்றி. உங்கள் பொருட்கள் வலது பக்கப் பெட்டியில் இருக்கின்றன."

பெட்டியில் ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, மாதா படம் போட்ட போன வருஷக் காலண்டர். ஆறு வருஷத்துக்கு இவ்வளவுதான். நேற்று மாலையே வேலை போயிருக்கிறது. அது தெரியாமல் அதற்குப் பிறகும் ஒரு முழு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். எதற்காக வேலை போனது என்பதைவிட, எந்தக் கலந்தாய்வு என்பதுதான் அவளுக்கு முதலில் புரியவில்லை. அவள் கடலில் அல்லவா இருந்தாள்?

தூத்துக்குடிக் கரையிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, கடலுக்குள் நூற்றுப் பன்னிரண்டு காற்றாலைக் கோபுரங்கள் நின்றன. அவற்றின் நடுவே நான்கு கால் போட்ட ஓர் இரும்பு மேடை, அந்த மேடையில் ஒரே ஒரு ஆள். கோபுரங்கள் தங்கள் பழுதைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு பழுதுக்கும் மனிதர் ஒருவர் பொத்தானை அழுத்திச் சம்மதம் சொல்ல வேண்டும் என்று பாதுகாப்பு விதி சொன்னது. பதினைந்து நாள் மேடை, பதினைந்து நாள் கரை. மேடையில் நாளைக்கு முப்பது தடவை சம்மதம் சொன்னாள். வேறு எதுவும் யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதல் வருஷம் பாட்டுப் பாடிப் பார்த்தாள். இரண்டாம் வருஷம் கோபுரங்களுக்குப் பெயர் வைத்தாள். மூன்றாம் வருஷத்திலிருந்து பேசாமல் இருப்பது பழகிவிட்டது.

அலைவரிசை முழுவதும் கோபுரங்களுக்கே போய்விடுவதால் மேடையிலிருந்து யாரையும் கூப்பிட முடியாது. அதற்குத்தான் நிகரி இருந்தது.

வேலையில் சேருகிறவர்கள் முதல் மூன்று மாதம் காதில் ஒரு செவிப்பொறியை மாட்டிக்கொண்டு கரையில் சாதாரணமாக நடமாட வேண்டும். யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள், எதற்கு மழுப்புகிறார்கள், எதற்குச் சரி என்கிறார்கள் என்று அந்தப் பொறி கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்டதையும் அப்போது எடுத்த படங்களையும் வைத்து அதே முகமும் குரலும் புத்தியும் உள்ள ஒரு நிகரியை உருவாக்கிவிடும். ஆள் கடலில் இருக்கும்போது கரையில் நிகரி இருக்கும். வங்கிக்குப் பதில் சொல்லும், சிலிண்டர் பதியும், சொந்தக்காரர் கூப்பிட்டால் திரையில் வந்து பேசும். நிகரியின் வாக்கு ஆளின் வாக்கு என்று சட்டம் வந்தபிறகு கடலுக்குப் போகாதவர்களும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிடிக்காத சம்பந்தி கூப்பிட்டால் நிகரியை எடுக்கச் சொல்லிவிட்டுக் குப்புறப் படுத்துத் தூங்கியவர்கள் நாட்டில் ஏராளம்.

பார்வையாளர் வழியாக உள்ளே போனாள். ஆளை வேலையை விட்டு எடுக்கும் அதிகாரி ஆவுடையப்பன் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். மரியாதையான மனிதர். அந்த மரியாதை பொய்யில்லை.

"வாங்கக்கா, உக்காருங்க. சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு," என்றாள். விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. "என்ன சார் இது? ஆள வேலைய விட்டு எடுக்குறதுக்கு முன்னாடி பதினஞ்சு நாள் எதுர உக்கார வச்சுப் பேசணும்லா? அதுதான சட்டம்?"

"பேசினோமேக்கா." அவர் ஒரு தாள்கட்டை நகர்த்தினார். "தெனம் ஒரு மணி நேரம். பொத்தான அமுக்கறதுக்கும் இனிமே மனுசர் வேண்டாம்னு விதிய மாத்திட்டாங்க. ஏன் எடுக்கோம், வேற எடம் இருக்கா, உங்களுக்கு என்ன வேணும், எல்லாம் கேட்டோம். உங்ககூட பேசுனதே எனக்கு ஒரு சந்தோசம்."

"என்கூடயா?"

"உங்க நிகரிகூட. சட்டப்படி நீங்கதான?"

அவள் தாள்களைப் புரட்டினாள். நான்காம் நாள், கேள்வி: கரையில் வேறு வேலை கொடுத்தால் ஏற்பீர்களா? பதில்: நீங்க பாத்துச் செய்யுங்க சார். ஒன்பதாம் நாள், கேள்வி: எவ்வளவு ஈடு எதிர்பார்க்கிறீர்கள்? பதில்: நான் என்னத்தச் சொல்ல, நீங்க பாத்துச் செய்யுங்க. பதினைந்தாம் நாள், கேள்வி: அப்படியானால் உங்களை விடுவிக்கலாமா? பதில்: நீங்க பாத்துச் செய்யுங்க சார். அதன் கீழே தடித்த எழுத்தில், 'பணியாளர் முழுச் சம்மதம் தெரிவித்தார்.'

நம் பக்கத்தில் யாரும் வாய்விட்டு இவ்வளவு வேண்டும் என்று கேட்பதில்லை. குழாய் ரிப்பேர் செய்தவரிடம் எவ்வளவு என்று கேட்டால், பாத்துக் குடுங்க என்பார். குறைத்துக் கொடுத்தால் முகம் சுண்டிப்போகும். கொடுக்கிறவருக்கும் அது தெரியும், தெரிந்துதான் கொடுப்பார். ஆவுடையப்பனும் இந்த ஊர்க்காரர்தான். அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தாளில் எழுத வார்த்தை மட்டும் போதும்.

ஏழாம் நாள் பக்கத்தில் அவள் நின்றாள். 'இன்று நேரம் கடந்தது. அக்கா மகன் தேவாலயத்தில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கிய நாள் விருந்தில் பாயசத்தில் உப்பைக் கொட்டிய கதையைப் பணியாளர் சொன்னார். இருவரும் நெடுநேரம் சிரித்தனர்.' அந்தக் கதையை அவள் கடைசியாக யாரிடம் சொன்னாள்? அவளுக்கே மறந்து போன கதை. வேலை போனதைக் காட்டிலும் அந்தச் சிரிப்புதான் அவளை அதிகம் உறுத்தியது. தான் இல்லாத இடத்தில் தன் பெயரில் ஒருத்தி உட்கார்ந்து சிரித்திருக்கிறாள் என்று பொறாமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சுவர்த் திரையில் நிகரியை எழுப்பினாள். அதே முகம்தான், ஆறு வருஷம் இளையது. கண்ணோரம் சுருக்கம் இல்லை.

"ஏன் சரின்னு சொன்ன?"

"சரின்னு எங்க சொன்னேன்? பாத்துச் செய்யுங்கன்னேன். நீயும் அதத்தான சொல்லுவ?"

"எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"நீ மேடையில இருந்தா உன்னக் கூப்பிட எனக்கு வழி இல்ல. கரைக்கு வந்தா நீ என்ன எழுப்புறதே இல்ல. ஆறு வருசத்துல இன்னிக்குத்தான் என்கூட பேசுத." நிகரி குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னது. பிறகு கொஞ்சம் தயங்கி, "பிலோமி அக்கா நேத்துக் கூப்பிட்டா. கால் வீக்கம் வத்திருச்சாம். என்ன சொன்னான்னு கேக்கியா?" என்றது.

"இப்ப அதான் முக்கியமா?" என்று மெட்டில்டா திரையை அணைத்தாள்.

பிலோமி அவளுடைய அக்கா, மணப்பாட்டில் தனியாக இருப்பவள். கணவர் இறந்து எட்டு வருஷம். மகன் சரக்குக் கப்பலில் போய்க்கொண்டிருக்கிறான். சாயங்காலம் ஆறு மணியானால் தங்கச்சியைக் கூப்பிடுவது அவள் வழக்கம். தங்கச்சி கடலில் இருந்தாலும் கரையில் இருந்தாலும் திரையில் தங்கச்சி வருவாள். நிகரி என்று ஒன்று இருப்பதை மெட்டில்டா அவளிடம் சொன்னதே இல்லை. சொன்னால் வருத்தப்படுவாள், எதற்கு வம்பு என்று விட்டிருந்தாள்.

மறுநாளே தொழில் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்தாள். கலந்து பேசாமல் வேலையை விட்டு எடுத்தால் இரண்டு வருஷச் சம்பளம் ஈடு. நாற்பத்தாறு வயதில் இனி யார் வேலைக்குக் கூப்பிடப் போகிறார்கள்? அந்தத் தொகை கிடைத்தால் பிழைக்கலாம். ஆனால் உண்மையில் அவளைத் தீர்ப்பாயம் வரை இழுத்துக்கொண்டு போனது தொகை அல்ல. 'என்னை யாரும் கேட்கவில்லை' என்று ஒருவர் எழுதி முத்திரை வைத்துத் தர வேண்டும். அவ்வளவுதான்.

வழக்கு மூன்று மாதம் நடந்தது. சாட்சிப் பொருள் என்பதால் தீர்ப்பு வரும்வரை நிகரியை நிறுத்தக்கூடாது என்று உத்தரவு. வேலை போனதை அக்காவிடம் சொல்ல மெட்டில்டாவுக்குக் கூச்சம். மேடையில் வேலை அதிகம், தொடர்ந்து கடலிலேயே இருக்கிறேன் என்று சொல்லச் சொல்லிவிட்டு, ஆறு மணி அழைப்பை மூன்று மாதமும் நிகரியிடமே விட்டாள். எந்த நிகரி தன் பெயரில் பேசியது தவறு என்று வழக்குப் போட்டாளோ, அதையே அக்காவிடம் பேச அனுப்பினாள். இதில் ஏதோ இடிக்கிறதே என்று அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இந்தக் கதைக்கு வேலை இல்லை.

பாளையங்கோட்டையில் விசாரணை. தீர்ப்பாயத் தலைவர் ஒரு நடுவயதுப் பெண்மணி, மெதுவாகப் பேசுகிறவர். மெட்டில்டா வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை.

"அது நான் இல்லீங்கம்மா. அது சொன்னது என் வார்த்த இல்ல," என்றாள்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். "ஒப்புச் சோதனை வைக்கலாம். நிகரியிடம் கேட்ட கேள்வியை இவரிடம் கேளுங்கள். பதில் வேறாக இருந்தால் நாங்கள் ஒத்துக்கொள்கிறோம்."

இது வரும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு மாதமாகக் கண்ணாடி முன் நின்று பழகியிருந்தாள். எனக்கு வேலை வேணும், இல்லாவிட்டால் ரெண்டு வருசச் சம்பளம் வேணும். ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். வீட்டில் நூறு தடவை சொல்லியிருக்கிறாள்.

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கொஞ்சம் முன்னால் சாய்ந்து, "சொல்லுங்கம்மா. உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

அந்தக் குரலில் அவசரமே இல்லை. கண்ணாடி இப்படிக் கேட்டிருக்கவில்லை. கடைசியாக யார் தன்னை இப்படிக் கேட்டார்கள் என்று மெட்டில்டா யோசித்தாள். பழகிய வாக்கியம் எங்கேயோ போய்விட்டது. இவ்வளவு அன்பாகக் கேட்கிறவரிடம் போய் இது வேண்டும் அது வேண்டும் என்று எப்படிச் சொல்வது?

"நீங்க... நீங்க பாத்துச் செய்யுங்கம்மா," என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். தலைவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

வக்கீல் அத்தோடு உட்கார்ந்திருந்தால் வழக்கு முடிந்திருக்கும். ஆனால் அவருக்குத் திருப்தி போதவில்லை. கூடப் பிறந்தவளுக்கே வித்தியாசம் தெரியாத அளவுக்கு நிகரி அசல் என்று காட்டிவிடலாம் என்று சம்மன் அனுப்பி வரவழைத்திருந்த சாட்சியைக் கூப்பிட்டார். காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து பிலோமி கூண்டில் ஏறினாள். மெட்டில்டா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆறு வருஷமாக உங்கள் தங்கை கடலில் இருக்கும்போது உங்களோடு பேசியது தங்கை இல்லை, நிகரி. இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்யா."

வக்கீல் எதிர்பார்த்த பதில் இது இல்லை. "யார் சொன்னார்கள்?"

"யாரும் சொல்லல. அது என்னப் பேச விடும்."

தலைவர், "வெவரமாச் சொல்லுங்கம்மா," என்றார்.

பிலோமி கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "இவ கரையில இருந்தா, சாப்பிட்டியாம்பா. ஆச்சும்பேன். சரிக்கான்னு வச்சிருவா. ரெண்டு நிமிசம். கடலுக்குப் போனா அது வரும். கால் எப்படி இருக்குன்னு கேக்கும். எந்தக் கால்னுகூட அதுக்குத் தெரியும். மவன் பேசி அனுப்புனத மறுவடியும் போடுக்கா, கேப்போம்னு சொல்லும். மீன் என்ன வெல, கொழம்புக்குப் புளி கூடிப் போச்சா, எல்லாம் கேக்கும். ஒரு மணி நேரம் போறது தெரியாது." அவள் தங்கச்சியைப் பார்க்கவில்லை. "ஆறு வருசத்துக்கு முன்னாடி இவளும் அப்படித்தான் இருந்தா. வாய் ஓயாது. கம்பெனி அந்த நேரத்துல பிடிச்சு வச்சது அது. அதுக்கப்புறம் இவளக் கொண்டுபோயி தனியா நடுக்கடல்ல போட்டாங்க. வந்தது வேற ஆளு."

"அதனால் உங்களுக்கு வருத்தம் இல்லையா?" என்று வக்கீல் எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்த்தார்.

"காலண்டர்ல இவ கடலுக்குப் போற நாளுக்கு வட்டம் போட்டு வச்சிருப்பேன்யா. கடலுக்குப் போறவுக எப்ப கரைக்கு வருவாகன்னு எல்லாரும் பாப்பாக. நான் இவ எப்ப போவான்னு பாப்பேன்."

தீர்ப்பு இரண்டு வாரத்தில் வந்தது. நிகரி எடுத்த காலத்து மெட்டில்டாவும் இப்போதுள்ள மெட்டில்டாவும் ஒருவர் அல்லர். அந்த மாற்றத்தைச் செய்தது வேலை கொடுத்தவர் தந்த தனிமை. பழைய ஆளைக் கேட்டுவிட்டுப் புதிய ஆளை அனுப்பியது கலந்தாய்வு ஆகாது. இரண்டு வருஷச் சம்பளம் ஈடு. கடைசி வரியில், 'மனுதாரரை யாரும் கேட்கவில்லை' என்று எழுதி முத்திரை வைத்திருந்தார்கள். அந்த வரியை மெட்டில்டா மூன்று தடவை படித்தாள். நினைத்த அளவுக்குச் சந்தோஷமாக இல்லை.

தீர்ப்பு நகல் கொடுத்த எழுத்தர் இன்னொரு படிவத்தை நீட்டினார். "ஒங்க நிகரி ஒங்களோட ஒத்துப்போகலன்னு தீர்ப்பாயிருச்சு. அது இனி ஒங்க பேர்ல கையெழுத்துப் போட முடியாது. சும்மா பேச வச்சுக்கிடணும்னா வச்சுக்கிடலாம். என்ன செய்ய?"

மணப்பாட்டுக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இனி அக்காவோடு நாள்முழுக்க உட்கார்ந்து பேசுவது என்று கூண்டில் அக்காவைப் பார்த்த அன்றே தீர்மானம் செய்திருந்தாள். அந்த நினைப்பிலேயே இருந்தாள்.

"நீங்க பாத்துச் செய்யுங்க சார்," என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

எழுத்தர் பார்த்துச் செய்தார். விருப்பம் தெரிவிக்காவிட்டால் அழித்துவிட வேண்டும் என்பது விதி.

மெட்டில்டா ஒரு கிலோ காரச்சேவு வாங்கிக்கொண்டு மணப்பாட்டில் இறங்கும்போது ஆறரை மணி, வெயில் தாழ்ந்திருந்தது. பஸ்ஸில் வரும்போதே என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். கால், மவன், மீன் விலை. வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. பிலோமி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் போன். எதிர்ச் சுவரில் காலண்டர். மூன்று மாதமாக எல்லா நாளுக்கும் வட்டம்.

"வா," என்றாள். பிறகு, "ஆறு மணிக்குக் கூப்பிட்டேன். அப்படி ஒரு ஆள் இல்லங்குது," என்றாள்.

"வழக்கு முடிஞ்சிருச்சுக்கா. நாம செயிச்சிட்டோம். அத... அத அழிச்சிட்டாங்க போல."

"யாரு சொல்லி?"

"என்ன செய்யன்னு கேட்டாங்க. நான் பாத்துச் செய்யுங்கன்னேன்."

"அழிக்கச் சொன்னியா?"

"இல்லக்கா."

"அழிக்க வேண்டாம்னு சொன்னியா?"

மெட்டில்டா காரச்சேவுப் பொட்டலத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

பிலோமி போனைத் துடைத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். அவள் குரல் உயரவில்லை. "பதினஞ்சு நாள் ஒன்னக் கேக்காம விட்டாங்கன்னு கோர்ட்டு வரைக்கும் போனியே. ஆறு வருசமா என்கூட இருந்தவள அனுப்புறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

வெளியே யாரோ வலையை இழுத்துக்கொண்டு போனார்கள். சத்தம் தெருமுனை வரை கேட்டு ஓய்ந்தது. மெட்டில்டா காரச்சேவுப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு, அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வீங்கியிருந்தது எந்தக் கால் என்று பார்த்தாள். சேலை மறைத்திருந்தது. கேட்கவும் வெட்கமாக இருந்தது.

"இனி நான் இங்கதான்க்கா இருப்பேன். நான் பேசுதேன் ஒன்கூட. ரெண்டு வருசச் சம்பளமும் வருது." அவள் அடுக்கி வைத்திருந்த கேள்விகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. கடைசியில் தீர்ப்பாயத் தலைவர் கேட்டது மாதிரியே மெதுவாகக் கேட்டாள். "சொல்லுக்கா. ஒனக்கு என்ன வேணும்?"

பிலோமி காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் என்னத்தச் சொல்ல," என்றாள். "நீ பாத்துச் செய்யி."